வயலில் சிரிக்கச் சொன்னார்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, கட்டப்போகும் கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கட்டிக் காட்டும். போன வருடம் ஒரு அமெரிக்க வடிவமைப்பு நிறுவனம் வேலை கொடுத்தது. மெக்சிகோ, கியூபா என்று தெற்கிலிருந்து வந்தவர்களும், எல்லைக்கோடு போடுவதற்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்களும் சேர்ந்த லத்தீனோ மக்கள், தங்கள் வரலாற்றுக்கு ஒரு தேசிய அருங்காட்சியகம் வேண்டும் என்று வெகுகாலமாகக் கேட்டு வருகிறார்கள். அது உள்ளே எப்படி இருக்கலாம் என்று காட்ட ஒரு வீடியோ தேவை.

அதில் வயல் வேலையைக் காட்டும் கூடத்தை என்னிடமும் பக்கத்து சீட்டுக்காரரிடமும் கொடுத்தார்கள். அவர் பாரிவாக்கத்துக்காரர். அவர் குடும்பம் பயிர் வைத்த நிலம் இன்று வீட்டு மனை. எங்களுக்கு வந்த பழைய படங்களில், கலிபோர்னியா வயல்களில் ஆட்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். கையில் ஒரு முழம்கூட இல்லாத களைக்கொத்து. பொழுதெல்லாம் குனிந்தே கொத்தி முதுகு போனவர்கள், கடைசியில் போராடி அந்தக் குட்டைக் கொத்தைத் தடை செய்ய வைத்திருக்கிறார்கள். அந்த வளைந்த முதுகு சரியாக வரும்வரை நாங்கள் விடவில்லை.

மேனேஜர் வந்து பார்த்தார்.

"ஏம்மா இவ்ளோ சோகம்? நிமிர்ந்து நிக்க வைங்க. சிரிக்கட்டும். முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்குங்க."

"அமெரிக்காக்காரங்க அப்படிக் கேட்டாங்களா சார்?" என்றேன்.

"கேக்கறதுக்கு முன்னாடி செஞ்சாத்தாம்மா நல்ல பேரு."

பாரிவாக்கத்துக்காரர் திரையிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "நிமிந்து நின்னா கொத்து தரைக்கே எட்டாது சார். அப்பறம் இன்னாத்துக்கு அது? கையில ஆளுக்கொரு பூ குட்த்துருங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கறுப்பு முகத்தைப் பார்த்துக் கூசுகிற அந்தக் கண், கல்யாண ஆல்பத்தில் என் முகத்துக்கு மாவு பூசிய அதே கண். யாரோ ஒரு ஜனம் தன் கதையைச் சொல்ல இடம் கேட்டால், அதற்கும் இங்கே உட்கார்ந்து பவுடர் அடிக்கிறோம்.

நாங்கள் மறுத்ததும் வேறு ஆளை வைத்து மாற்றிவிட்டார். வீடியோ மீட்டிங்கில் அது ஓடியது. வயலில் எல்லோரும் வெளுத்து, நிமிர்ந்து, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் இருந்த அமெரிக்கப் பெண் நிறுத்தச் சொன்னார். "இவர்கள் ஏன் நிற்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்கள் டிசைனரின் தவறு" என்று மேனேஜர் என் பக்கம் கையைக் காட்டினார்.

மைக்கைத் திறந்தேன். என் ஆங்கிலம் தடுமாறியது. ஆனாலும் சொன்னேன்: "தவறு இல்லை. மாற்றச் சொன்னது இவர். நாங்கள் செய்தது இது." பழைய காட்சியைப் போட்டேன்.

அந்தப் பெண் பார்த்துவிட்டு, "இதுதான் வேண்டும்" என்றார்.

மறுவாரமே என்னைக் குளியலறை டைல்ஸ் கேட்லாக்குக்கு மாற்றினார்கள். அமெரிக்காவில் அந்தக் கட்டடம் இன்னும் எழும்பவில்லை. மேனேஜர் தினமும் எனக்கு குட் மார்னிங் சொல்கிறார். நான் திரையிலிருந்து திரும்பாமல் டைல்ஸ் அடுக்குகிறேன்.