போதும் என்று சொல்லிவிட்டேன்

அந்தத் தந்தி ஆபீஸ் போனின் கறுப்பு ரிசீவரை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. யார் யாரோ வாய் வைத்துப் பேசிய எச்சில் வாடை அதில் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். திருச்சியிலிருந்து அமெரிக்காவுக்குப் பேச வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிந்துவிட்டு, கூப்பிடும்வரை பெஞ்சில் காத்துக் கிடக்க வேண்டும். என் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா. அதிகாரி போனில் கூப்பிட்டால்கூட எழுந்து நின்று பேசுகிற மனிதர்.

மேற்படிப்புக்கு எனக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. ஒன்றில் முழு உதவித்தொகை, ஆனால் மண் ஆராய்ச்சி. மற்றதில் நான் ஆசைப்பட்ட பூஞ்சை ஆராய்ச்சி, அதற்கென்றே பேர்போன பேராசிரியர். அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது, ஆனால் தங்கவும் சாப்பிடவும் பாதிதான் தருவார்களாம். மீதிப் பணம் கையில் இருப்பதாக நாங்கள் காட்டினால்தான் விசா. அப்பாவின் சம்பளத்தில் அது நடக்கிற காரியமில்லை. "அங்கே முழுசாகத் தருகிறார்கள், நீங்களும் தர முடியுமா?" என்று பேராசிரியரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். மண்காரர்கள் கொடுத்த கெடு நெருங்கிவிட்டதால் கடிதம் போட்டுக் காத்திருக்க நேரமில்லை.

என் வகுப்புத் தோழி ஸ்ரீரங்கத்துக்காரி. அவள் அண்ணன் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தான். "கேட்டா ஒண்ணும் தப்பில்லைடி. அங்க எல்லாரும் கேப்பாளாம், அண்ணா எழுதியிருக்கான்" என்று தைரியம் சொன்னாள். அப்பாவுக்கு அது காதிலேயே ஏறவில்லை. "உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணான்னு ஆயிரப் போகுதும்மா. கோவத்துல இடமே இல்லைன்னுட்டா என்ன செய்வ?" என்று பஸ்ஸில் வரும்போதே மூன்று முறை கேட்டுவிட்டார். வெளியே அவரைச் சமாதானப்படுத்தினேனே தவிர, எனக்கும் அதே பயம்தான். கேட்டு இழப்பதைவிடக் கேட்காமலே இழப்பது கௌரவம் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

விளக்கேற்றும் நேரத்துக்குக் கூப்பிட்டார்கள். போன் கூண்டுக்குள் போனேன். இரைச்சலுக்கு நடுவே பேராசிரியரின் குரல் கேட்டது. நான் பயந்ததுபோல் அவர் கடுமையாகப் பேசவே இல்லை. நான் வருவதில் சந்தோஷம் என்றார். பிறகு அவராகவே, "நாங்கள் கொடுப்பது உனக்குப் போதுமா?" என்று கேட்டார்.

"போதும் சார். ரொம்ப நன்றி சார்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போனால் முதல் முறை கேட்கும்போது போதும் என்றுதான் சொல்வோம். பசி வயிற்றைக் கிள்ளினாலும் சொல்வோம். பரிமாறுகிறவர் அதை நம்பமாட்டார், இன்னும் இரண்டு தடவை கேட்டு இலையில் வைத்துவிட்டுத்தான் நகர்வார். அந்த மனிதர் நம்பிவிட்டார். நல்லது என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

வெளியே வந்தேன். அப்பா எழுந்து நின்றிருந்தார். "என்னம்மா சொன்னாங்க?"

"போதுமான்னு கேட்டாருப்பா. போதும்னு சொல்லிட்டேன்" என்று சொல்லி அழுதேன்.

திட்டுவார் அல்லது நிம்மதிப் பெருமூச்சு விடுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. நேரே கவுண்டருக்குப் போய், "அதே நம்பருக்கு இன்னொரு கால் போடுங்கம்மா" என்றார். நேரமாகும் என்றாள் அந்தப் பெண். "ஆகட்டுங்க" என்றார். மறுபடி கூப்பிட்டபோது என்னை முந்திக்கொண்டு அவரே உள்ளே போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. சத்தம் போட்டால்தான் அமெரிக்காவுக்குக் கேட்கும் என்பதுபோல் கத்தினார்.

"சார், ஐ ஆம் ஃபாதர் சார். மை டாட்டர் டோல்ட் எனஃப். நாட் எனஃப் சார். அதர் காலேஜ் கிவிங் ஃபுல். பட் ஷி லைக்ஸ் யுவர் காலேஜ் ஒன்லி சார். எக்ஸ்க்யூஸ் மி சார்."

வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பார்க்கிறேன் என்றாராம் பேராசிரியர். அடுத்த நாட்களில் அப்பா சரியாகச் சாப்பிடவே இல்லை. சைக்கிள் மணி கேட்டால் போதும், தபால்காரரோ என்று இருவரும் வாசலுக்கு ஓடுவோம். கெடு முடிவதற்குள் தந்தி வந்தது. முழுத் தொகையும் தருகிறார்கள். நான் குதித்தேன். அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோவமா எழுதியிருக்காங்களாம்மா?" என்றார்.

இப்போது உதவித்தொகை யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்கிற மேசையில் நானும் ஒருத்தி. நம் ஊர்ப் பிள்ளைகள் போனில் போதும் என்றால் நான் நம்புவதில்லை, மறுபடியும் கேட்கிறேன். அப்பா காலமாகி வெகு வருடங்கள் ஆகின்றன. ஓய்வுபெற்ற பிறகு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பேச்சுவாக்கில், "அந்த சார் என்னையத் தப்பா நெனைக்கலையேம்மா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. உங்களுக்கு அவ்ளோ பயமா இருந்துச்சா?" என்றேன்.

"பின்ன? எனக்குன்னா கேட்டிருக்கவே மாட்டேன்."