தண்ணீர் நேரத்துக் கோலாட்டம்

குழாய் முதலில் இருமும். பிறகு உள்ளே காற்று ஓடும் சீழ்க்கை, ஒரு தும்மல், அப்புறம்தான் தண்ணீர். இன்றைக்கும் எந்த வீட்டில் அந்த இருமலைக் கேட்டாலும் என் உடம்பு பாதி எழுந்துவிடுகிறது. ஜனக்புரியில் மூன்றாவது மாடிக்கு வாளி தூக்கிய உடம்பு, அதற்கு இது போதும். ஆனால் மனசு பதறுவதில்லை. அப்பாடா என்று சாய்ந்துகொள்கிறது. அதற்குக் காரணம் ஒரு ஜூன் மாதத்து சாயங்காலம்.

டெல்லித் தமிழர்களுக்கு டெல்லியின் கோடை தெரியாது. கொஞ்சம் மிகைதான், ஆனாலும் எங்கள் வீட்டில் அது உண்மை. மே மாதம் பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே பூட்டிய வீடு, ஆபீசில் நான் சேர்த்துவைத்த லீவு, ரயில், புளியோதரை, திருநெல்வேலி. திரும்பி வரும்போது காலனியில் மழை பிடித்திருக்கும். நாங்கள் இல்லாத அந்த வாரங்களில் இங்கே என்ன நடக்கிறது, யார் எங்கே உட்கார்ந்து தர்பூசணி தின்கிறார்கள், எதுவும் தெரியாது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அப்படித்தான்.

அந்த வருஷம் தை மாதம் என் மாமியார் போய்விட்டார். அவர் இருந்த வீட்டை மைத்துனர்கள் வாடகைக்கு விட்டுவிட்டார்கள். யார் மேலும் குற்றம் இல்லை. ஆனால் மே வந்தபோது என் மனைவிக்குப் போக ஓர் இடம் இல்லை. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள், துடைத்தாள், மறுபடி ஏற்றிவைத்தாள்.

அன்று சாயங்காலம் கூலரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"இந்த ஒரு லீவு பாக்கேன். அங்கன ஆள் இல்லன்னு ஆயிட்டு. இங்கனயும் எனக்குன்னு ஒரு ஆள் இல்லன்னா மெட்ராசுக்கு மாத்தல் கேட்டுருங்க. இந்த நமஸ்தே, நமஸ்தே மட்டும் வச்சிக்கிட்டு எத்தன வருசம் இருக்கது?"

சரி என்றேன். கேட்டால் மாற்றல் கிடைத்துவிடும் என்பதுதான் என் பயம். எனக்கு இந்த ஊர் பிடித்திருந்தது. இதன் தூசி, இதன் பஸ், கத்தியே அன்பு காட்டும் இதன் மனிதர்கள். அவளுக்கோ காய்கறிக்காரரோடு பேசும் இந்தி மட்டுந்தான் வரும். கீழே இரண்டாவது மாடியில் ஒரு பஞ்சாபி அம்மாள். பத்து வருஷத்தில் இருவரும் படிக்கட்டில் பரிமாறிக்கொண்டது அந்த ஒரு நமஸ்தேதான்.

அந்த மாதம் காலனிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு என்னோடு அவளும் வந்தாள். பூங்காவில் பிளாஸ்டிக் நாற்காலி, ஆறிப்போன சமோசா. தலைவர் ஓய்வு பெற்ற ராணுவக்காரர், தரைத்தளத்து வீடு, எதைச் சொன்னாலும் கட்டளையாகவே கேட்கும். சாக்கடை அடைப்பு, பூங்காப் புல்லில் கிரிக்கெட், யாருடைய கிளியோ பறந்து வந்து ஒரு பால்கனியில் உட்கார்ந்திருக்கிறது என்று செய்திகள் முடிந்ததும், கோடைக் கலைவிழாவுக்கு வந்தார். குழந்தைகளுக்கு ஆட்டம் சொல்லித்தர ஆள் வேண்டும். கூட்டமே எங்கள் பக்கம் திரும்பியது. தலைவர் என் மனைவியைக் காட்டினார்.

"மதராசி பஹன்ஜி இருக்காங்களே! மதராசின்னா டான்ஸ் தெரியாம இருக்குமா?"

தெரியாது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள், கோலாட்டம் தெரியும் என்று. பள்ளிக்கூடத்தில் ஆடியதாம். எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"அச்சா, டாண்டியா!" என்றார் தலைவர், குஜராத்திக் குச்சியாட்டத்தை நினைத்து.

"நஹி. கோலாட்டம்," என்றாள். அந்த ஒரு 'நஹி'யில் இருந்த அழுத்தத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

கோலுக்கு எங்கே போவது? குழந்தைகள் வீட்டுக்கு வீடு சப்பாத்திக் கட்டையைத் தூக்கி வந்தார்கள். குட்டை, நெட்டை, மாவு காய்ந்தது. தினமும் ஆறரை மணிக்கு, வெயில் கட்டடங்களுக்குப் பின்னால் சரிந்ததும், பூங்காவில் டக் டக். "ஏக், தோ, தீன், சார்" என்று எண்ணுவாள். உள்வட்டம் ஒரு பக்கம், வெளிவட்டம் எதிர்ப்பக்கம். எங்கள் மகள் எல்லோருக்கும் மொழிபெயர்த்தாள். விழாவையும் அதே நேரத்துக்கு வைத்துவிடலாம், குழந்தைகளுக்குப் பழகிய நேரம் என்று சொன்னவள் என் மனைவிதான். ஜூன் பிறந்த அன்றே ஞாயிறு, விழாவும் அன்றைக்கே. கேட் அருகே இருந்த சங்கத்துக் கரும்பலகையில் எழுதிவிட்டார்கள்: கலைவிழா, மாலை ஆறரை.

எல்லோரும் படித்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

விழாவன்று கலர் காகிதம், மைக், ஆள் நிறைந்த நாற்காலிகள். மனைவி கண்டாங்கிச் சேலை கட்டி வட்டத்தின் நடுவில் நின்றாள். அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அந்த வருஷம் பார்க்கவில்லை. முதல் சுற்று முடிந்து கோல்கள் எதிர்க்கோல்களைத் தொட்ட நேரம், பூங்காவின் ஓரத்துக் குழாய் இருமியது.

ஒரு கணம்தான். கட்டடம் முழுக்க இருமல் ஏறியது. முன்வரிசை எழுந்தது, பின்வரிசை ஓடியது. "பேட்டா, ஜல்தி! மோட்டார் போடு!" குழந்தைகளை அம்மாக்கள் வட்டத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஜூன் பிறந்தால் சாயங்காலத் தண்ணீர் எட்டு மணியிலிருந்து ஆறரைக்கு மாறிவிடும். மழை வந்ததும் பழைய நேரத்துக்குப் போய்விடும். காலனிக்கே தெரிந்த சங்கதி. ஒரு ஜூன்கூட இங்கே இருந்திராத எங்களைத் தவிர.

காலி நாற்காலிகளுக்கு நடுவே அவள் இரண்டு சப்பாத்திக் கட்டைகளோடு நின்றாள். முடிந்தது என்று நினைத்தேன். மாற்றல் மனுவின் முதல் வரிகூட மனசில் ஓடியது. ஏதோ சொல்லப் போனேன்.

"ஏன் முழிக்கீய?" என்றாள். "தண்ணி வருது, வாங்க!"

நாங்கள் படியேறும்போதே மின்சாரம் போனது. அத்தனை மோட்டாரும் ஒரே பெருமூச்சில் நின்றன. மோட்டார் இல்லாமல் மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏறாது. தலைவர் வீட்டு வாசல் குழாயில் மட்டும் தடதடவென்று கொட்டியது. எல்லா மாடியிலிருந்தும் வாளிகள் இறங்கின. ஒரே நெரிசல், ஏறுகிறவர் மேல் இறங்குகிறவர் மோதி, பாதித் தண்ணீர் படிக்கட்டுக்கு. தலைவர் "லைன்! லைன்!" என்று கத்தினார். யாரும் கேட்கவில்லை.

என் மனைவி கட்டையால் கைப்பிடிக் கம்பியைத் தட்டினாள். டண்.

"பச்சே லோக்!" என்றாள். குழந்தைகள் அப்படியே நின்றார்கள். பழக்கம். "அந்தர் வாலா, ஊப்பர். பாஹர் வாலா, நீச்சே."

உள்வட்டம் சுவர்ப் பக்கம், மேலே போகும் நிறைந்த வாளி. வெளிவட்டம் கம்பிப் பக்கம், கீழே வரும் காலி வாளி. குழந்தைகள் தங்கள் தங்கள் அம்மாக்களை இழுத்து இடத்தில் நிறுத்தினார்கள். படிக்கு ஒருத்தி. ஏக், டண். தோ, டண். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வாளி ஒரு படி ஏறியது. தாளம் தப்பினால் தண்ணீர் சிந்தும். யாரும் தப்பவில்லை. அவளுக்கு அடுத்த கீழ்ப்படியில் அந்த இரண்டாவது மாடி அம்மாள், முந்தானையை இடுப்பில் செருகி, வியர்த்து வழிந்து, வாளியை நீட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

"போர்டுல ஆறரைன்னு பார்த்தோம். மதராசிங்க கடிகாரம் பார்த்துத்தானே மூச்சு விடுவாங்க! தண்ணி ஆபீஸ்ல சொல்லி நேரத்தையே மாத்திட்டாங்கன்னு நினைச்சோம். நான் என் வீட்டுக்காரர்கிட்ட பெருமையா வேற சொன்னேன்."

மகள் அதைத் தமிழில் சொன்னாள். மனைவி எண்ணுவதை விட்டுச் சிரித்தாள். வாளி நின்றது, படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு இறங்கிப் போய்த் தலைவரைத் தொட்டது. அந்த இடத்தில்தான் என் நெஞ்சில் எத்தனையோ நாளாகப் பிடித்து வைத்திருந்த ஏதோ ஒன்று விட்டுப்போனது. சுவரில் சாய்ந்துகொண்டேன். முகம் நனைந்திருந்தது. வாளித் தண்ணீர் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

எல்லா வீடும் நிறைந்தும் மின்சாரம் வரவில்லை. விசிறி இல்லாத வீட்டில் யார் உட்காருவார்கள்? பூங்காவுக்கே திரும்பினார்கள், நனைந்த துப்பட்டாவோடு, ஈரக் கூந்தலோடு. மைக் செத்துக் கிடந்தது, தேவைப்படவில்லை. வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் கோலாட்டம் முதலிலிருந்து நடந்தது. ஈரக் கட்டைகளின் சத்தம் கொஞ்சம் மந்தமாக, ஆழமாக இருந்தது. மூன்றாவது சுற்றில் அம்மாக்களும் புகுந்தார்கள். அது டாண்டியாவாகிப்போனது. அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

திரும்பிப் படியேறும்போது மெல்லக் கேட்டேன், "அந்த மாத்தல் விசயம்..."

"சும்மா வாங்க. கை வலிக்கி," என்றாள்.

இரண்டாவது மாடியில் அந்த அம்மாள் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்து, திரும்பினார்.

"நாளைக்கும் கரண்ட் போகும், பார்த்துக்கோ. மேல் படி உனக்கு, கீழ் படி எனக்கு. டீக்?"

"டீக், தீதி," என்றாள் என் மனைவி, அக்கா முறை வைத்து. "லேகின் எண்ணுறது நான்தான்."