நிற்குமா, நிற்காதா?

ஏரியம்மன்மேல் சத்தியம், பெற்ற பிள்ளைகள்மேல் சத்தியம், இதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. கம்ப்யூட்டருக்குக் கணக்கைத் துளைபோட்ட அட்டைகளாக ஊட்டுவது, அடம்பிடிக்கும் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதைவிடக் கேடுகெட்ட பிழைப்பு. அறுபதுகளில் மெட்ராஸில் அதைத்தான் செய்தேன். சனிக்கிழமை ஆனால் சொந்த ஊர் உத்திரமேரூருக்கு பஸ். மாட்டுவண்டியை உள்ளேயே திருப்பலாம், அத்தனை பெரிய மிஷின் அறை. மிஷின் சூடாகாமலிருக்க ஏ.சி. போட்டு, சித்திரையிலும் அங்கே பல் கிட்டிக்கும். மிஷினுக்குக் காவலிருந்து நொந்தவர்களே, கேளுங்கள்.

மூன்று நாள் ஓட்டம்

ஒரு கணக்கு மூன்று நாளாக ஓடியது. முடியப்போகிறதா, உள்ளே செக்குமாடாகச் சுற்றுகிறதா, தெரியவில்லை. பொறுக்காமல் நிறுத்திவிட்டேன். இஞ்சினியர் ரங்கநாதன் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

எந்தக் கணக்கைக் கொடுத்தாலும், இது நிற்கும், இது நிற்காது என்று முன்கூட்டியே சொல்ல ஒரு மிஷின் செய்யக்கூடாதா என்று கேட்டேன். செய்யவே முடியாது என்று கணக்குப் போட்டே நிரூபித்துவிட்டார்களாம். "நீ நிறுத்தினது இன்னும் ஒரு நிமிஷத்துல தானா நின்னிருக்குமோ என்னவோ. இப்ப முதல்லேர்ந்து ஓட்டணும். அப்பவும் தெரியாதுப்பா" என்று திட்டினார்.

ராசம்மாவின் கேள்வி

ராசம்மா எங்கள் ஊரில் நாற்று நடுகிறவள். அவள் அப்பன் விட்டுப்போன முக்கால் ஏக்கருக்காக மிராசுதாரோடு பதினோரு வருஷமாக வழக்கு, வாய்தாமேல் வாய்தா. பாதி நிலம் தருகிறேன், வழக்கை வாபஸ் வாங்கு என்று அவர் ஆள் அனுப்பியிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய என்னை மடக்கினாள். "கேஸு முடியுமா முடியாதா, அதை மட்டும் ஒன் மிஷினாண்ட கேட்டுக்கினு வா, நைனா."

மிஷினுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஊரில் எனக்கிருந்த மதிப்பே அந்த மிஷின்தான். கணக்கைப் பாதியில் நிறுத்தி ரங்கநாதனிடம் வாங்கிய திட்டும் காதில் இருந்தது. அடுத்த சனிக்கிழமை, முடியும் என்று மிஷின் சொல்லிவிட்டது, வாபஸ் வாங்காதே என்றேன். முந்தானையில் முடிந்திருந்த வேர்க்கடலையை என் கையில் கொட்டினாள். "மிஷினே சொல்லிட்ச்சா? அப்ப பாதி எதுக்கு?"

தீர்ப்பு

வழக்கு முடிந்தது, நாலு வருஷம் கழித்து. முக்கால் ஏக்கரும் மிராசுதாருக்கு. அதே நிலத்தில் ராசம்மா கூலிக்கு நட்டுக்கொண்டிருந்தாள். மிஷினுக்குத் தெரியாது, நானாகச் சொன்னதுதான் என்ற உண்மையை வரப்பில் நின்று சொன்னேன். நிமிராமலே கேட்டாள். "தெரியாதுன்னு ஒத்துக்கினு அந்த மிஷினு யோக்கியமா கீது. ஒனக்கு இன்னா வந்துச்சு?"

எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது என்று நிரூபித்த காரியத்தை ஒரே வாரத்தில் முடித்துக்கொடுத்தவன் நான். யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.