மாமன் மடிக்கு மேக்கப் செஷன் கிடையாது

இங்கே என் அறையில் நான் இருந்தால் மட்டும் போதாது, இருக்கிறேன் என்று காட்டிக்கொண்டும் இருக்க வேண்டும். ஆக்லாந்தில் நான் படிக்கும் கல்லூரியில் பெரும்பாலான வகுப்புகள் கணினித் திரையில்தான். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. நடுநடுவே திரையில் ஒரு பெட்டி முளைத்து 'இருக்கிறாயா?' என்று கேட்கும். உடனே அழுத்தாவிட்டால் ஆப்சென்ட். ஒருநாள் சோறு வடிக்க எழுந்து போன நேரத்தில் அந்தப் பெட்டி வந்து போய்விட்டது. பாடம் முழுக்கக் காதில் வாங்கியவன் நான், கணக்குப்படி வராதவன். சின்னசேலத்தில் படித்த காலத்தில் நான் மாந்தோப்பில் இருந்தாலும், என் கூட்டாளி குரலை மாற்றி எனக்கும் சேர்த்து "உள்ளேன் ஐயா" போட்டுவிடுவான். சாருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

தவறிய வகுப்புக்கு இங்கே ஈடு உண்டு. மேக்கப் செஷன் என்பார்கள். முதலில் கேட்டபோது பவுடர் பூசிக்கொண்டு போக வேண்டுமோ என்று நினைத்தேன். அதற்கு மட்டும் கல்லூரிக்கு நேரில் போய் உட்கார வேண்டும். வருகை குறைந்தால் விசா அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவார்கள், அப்புறம் மூட்டை கட்ட வேண்டியதுதான். சோறும் காய்ச்சலும் வராத பேருந்துமாகச் சேர்ந்து என் வருகையை விளிம்புக்குக் கொண்டுவந்திருந்த நேரத்தில்தான் நைனார்பாளையத்திலிருந்து அக்கா கூப்பிட்டாள். அவள் மகளுக்குக் காது குத்து. அக்கா வீட்டுக்காரரின் குலதெய்வக் கோயில் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கம். நாள் குறித்தாகிவிட்டது.

"உனக்கோசரம் ரெண்டு தபா தள்ளிப் போட்டாச்சுடா. அவங்க வூட்ல ஜாஸ்தி பேசறாங்க. தாய்மாமன் மடி இல்லாம எப்பிடிடா குத்தறது? கூடப் பொறந்தவன் நீ ஒருத்தன்தான?"

எங்கள் கல்லூரியில் விடுப்பைக் கவனிக்கும் அம்மாளுக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். அக்கா குழந்தையின் காதில் துளை போடுகிறார்கள், அப்போது அவள் என் மடியில் இருக்க வேண்டும், இரண்டு வாரம் விடுப்பு வேண்டும் என்று. மறுநாளே திரையில் அழைத்தார். முகமெல்லாம் கவலை.

"பாவம் குழந்தை. ஆபரேஷனுக்குப் பிறகு காது கேட்குமா?"

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. மருத்துவமனைக் கடிதம் ஒன்று அனுப்பு, விடுப்பு தருகிறேன் என்றார். நாக்கு நுனி வரை ஆமாம் வந்துவிட்டது. ஆனால் பச்சைப் பிள்ளைக்கு இல்லாத நோயை என் வாயால் சொல்ல மனசு வரவில்லை. கோயில், மொட்டை, ஆசாரி, தங்கத் தோடு என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் முகம் தெளிந்தது.

"ஓ, அதுவா! என் மகளுக்குக் கடையில் போய்க் குத்திக்கொண்டு வந்தோம். வேறு யார் மடியிலாவது உட்காரட்டுமே?"

வகுப்பை மறுபடி வைக்கலாம், முதல் காது குத்தை மறுபடி வைக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். மிக அழகான வழக்கம் என்று பாராட்டினார். விடுப்பு இல்லை. அதோடு காது குத்து அன்று பிற்பகல்தான் எனக்கு மேக்கப் செஷன் என்றும் நினைவூட்டினார்.

போனால் படிப்பும் விசாவும் போகும். போகாவிட்டால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? என்னை யாரும் கட்டிப்போடவில்லை. தலைக்கு மேல் விமானம் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு ஆத்திரமாக வந்தது. வெளிநாட்டில் படிக்கும் தம்பி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட அக்காவிடம், வகுப்பில் உட்கார வேண்டும், அதனால் வர முடியாது என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்று கல்லூரி அறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். போனை மேசைக்கடியில் மடிமேல் வைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டேன். அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். ஊரில் அப்போது காலை. மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. எங்கள் சித்தப்பா மகன் சேகர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, அவன் மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாகப் பாப்பா.

"பாத்துக்கடா, நீ வுட்டுட்டுப் போன வேட்டியத்தான் அவன் மடில விரிச்சிருக்கோம்," என்றாள் அக்கா. "இது உன் மடிதான்."

ஆசாரி குனிந்தார். பாப்பா திமிறிக்கொண்டு, "மாமா எங்க?" என்று அலறினாள்.

"தம்பி, கேக்குதா? இருக்கியாடா?"

அதே நேரம் ஆசிரியர் என் பெயரை அவருக்கு வந்த மாதிரி கூப்பிட்டார்.

"இருக்கேன்!" என்றேன், அறையே திரும்பிப் பார்க்கும்படி.

ஆசிரியர் தலையசைத்து டிக் போட்டுக்கொண்டார். குனிந்து பார்த்தேன். மலையில் சிக்னல் போய்விட்டிருந்தது. என் மடியில் பாப்பா, திறந்த வாய் மூடாமல், சத்தமில்லாமல் அழுதபடி அப்படியே உறைந்து நின்றிருந்தாள்.