மாதா ஊத்து

"பிரான்சுதாங்க. ஆனா பிரான்சுல இல்ல" என்றார் தரகர்.

பெரியப்பாவுக்கு இது பிடிபடவில்லை. கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, பிரான்சு என்றால் பாரிஸ் பக்கம்தானே என்று கேட்டார். தரகர் தலையைச் சொறிந்தார். பையனுக்கு வேலை வாலிஸ் என்கிற ஒரு தீவில். பசிபிக் கடலில் இருக்கிறது. கொடி பிரான்சுக் கொடி, சம்பளம் பிரான்சுச் சம்பளம், ஆனால் பாரிஸிலிருந்து அங்கே போவதற்குள் விமானம் மாறி விமானம் மாறி ஒரு வழியாகிவிடும் என்றார். பெரியப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து, "பிஜிக்குப் பக்கந்தாங்க" என்று சமாதானம் வேறு சொன்னார். சும்மா இருந்திருக்கலாம் மனிதர். கரும்பு வெட்ட பிஜிக்குக் கப்பலேறிப் போனவர்கள் திரும்பி வராத கதை எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

சுனாமிக்கு மறு வருஷம் அது. மரக்காணத்தில் உப்பளங்களெல்லாம் மறுபடி வெள்ளை வெளேரென்று ஆகி, வேலை மும்முரமாக நடந்த கோடை. வரன் வந்திருந்தது என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு. மாப்பிள்ளை புதுச்சேரிக்காரர். தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சம்பளம் வாங்குகிற குடும்பம். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் 'சொல்தா' வீட்டுக்காரர்கள் என்பார்கள். சொல்தா மாப்பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு பெண் கொடுப்பார்கள். பெண் பாரிஸுக்குப் போய் சென்ட் பாட்டில் அனுப்புவாள் என்பது கணக்கு. எங்களுக்கு வாய்த்தவரோ தீவில் போலீஸ் வேலை பார்க்கிற சொல்தா.

பெரியப்பா நல்லவர்தான். ஆனால் அந்த டிசம்பர் காலையில் அவர் உப்பளத்துச் சாலையில் நின்று, கடல் எழுந்து வருவதைத் தன் கண்ணால் பார்த்தவர். அதற்குப் பிறகு கடல் பக்கம் தலைவைத்துப் படுப்பதை நிறுத்திவிட்டார். தரகரிடம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சுத்திலும் கடலு. தண்ணி வந்தா என் தங்கச்சி எந்தப் பக்கம் ஓடுவா?"

அப்பா உத்தரத்தைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அத்தை அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே, "அண்ணன் எது சொன்னாலும் சரி" என்றாள். எங்கள் வீட்டில் அவளுக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர். தினமும் காலை பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய் ஒரு இன்டர்நெட் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்து சத்தமில்லாமல் சோறு வடிப்பாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள்.

எனக்கோ அப்போது ஒன்பது வயது. மரக்காணத்துக்குத் தெற்கே கோட்டக்குப்பம், மேற்கே திண்டிவனம், இதுதான் என் உலகம். அத்தை ஒரு தீவுக்குப் போனால் நான் லீவுக்குத் தீவுக்குப் போகலாமே! பெரியப்பா வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்று தினமும் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

முதல் வேலையாக என் அட்லஸை எடுத்து, உலகப் படத்தின் வலது ஓரத்தில் பிஜியைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி ஈ மாதிரி மேய்ந்தேன். வாலிஸைக் காணோம். அத்தை வந்து எட்டிப் பார்த்தாள். பேனாவை வாங்கி, வலது ஓரத்தை விட்டுவிட்டு, இடது ஓரத்தில் வெறும் நீலத்தில் ஒரு புள்ளி வைத்தாள். பிஜி இந்தக் கோடியில் இருக்க, இவள் அந்தக் கோடியில் வைக்கிறாளே என்று நான் சண்டைக்குப் போனேன்.

"படத்தச் சுருட்டிப் பாரு. ரெண்டு ஓரமும் பக்கத்துல வந்துடும்" என்றாள்.

சுருட்டினேன். வந்தது! பிஜியும் புள்ளியும் அண்டை வீடு மாதிரி நின்றன. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, குத்துமதிப்பாக வைத்தேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது தடவை தரகர் வந்தபோது மாப்பிள்ளையின் பயோடேட்டாவைக் கொடுத்தார். எல்லாம் வெள்ளைக்கார எழுத்து. வீட்டில் அதைத் தடுமாறாமல் படிக்கக்கூடியவள் அத்தை ஒருத்திதான். பெரியப்பா நிராகரிக்கிற முடிவோடு உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் ஒரு மரியாதைக்கு, பையன் இருக்கிற ஊரின் பெயரை மட்டும் படிக்கச் சொன்னார். அத்தை தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மா... தா... ஊத்து."

பெரியப்பா நிமிர்ந்தார். "இன்னொரு வாட்டி படி."

"மாதா ஊத்துண்ணா. அப்படித்தான் போட்டிருக்குது."

தரகர் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். பெரியப்பா சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தார். எங்கோ கண்காணாத கடலில், மாதா பெயரில் ஒரு ஊற்று! அவர் மனசு ஆடிவிட்டது. ஆனாலும் பெரியப்பா பெரியப்பாதானே. மாப்பிள்ளை வாயால் கேட்காமல் முடிவு சொல்ல மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணச் சொல்லுங்கள், அன்றைக்கே உண்டு இல்லை என்று சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு இந்தப் பேச்சே கிடையாது என்றார்.

பெரியப்பாவிடம் புதிதாக வாங்கிய செல்போன் இருந்தது. சிக்னல்தான் இல்லை. எங்கள் பக்கம் அது ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் அப்பாவின் உப்பளத்தில் குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரத்தின் உச்சி. பெரியவர்கள் ஏறினால் அம்பாரம் சரிந்துவிடும். அதனால் நான் ஏறுவது என்று முடிவாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலுக்குப் போட்ட பாவாடை சட்டையோடு, செருப்பைக் கழற்றிவிட்டு, மேலே மூடியிருந்த கீற்றில் கால் வைத்து உச்சிக்குப் போய் நின்றேன். கீழே குடும்பமே அண்ணாந்து பார்த்தது. உச்சி வெயில். சுற்றிலும் பாத்தி பாத்தியாகக் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. போன் அடித்தது.

"அலோ, மாமாவா?" என்று அலறினேன். கல்யாணமே முடிவாகவில்லை, அதற்குள் மாமா.

கீழிருந்து கேள்வி ஏறும், நான் போனில் கேட்பேன், பதிலை இறக்குவேன். அங்கே விளக்கு வைத்தாகிவிட்டதாம், பொழுது நமக்கு முன்னால் அங்கேதான் விடியுமாம் என்று நான் கத்தியதும், அம்மா வெயிலை நிமிர்ந்து பார்த்தாள். கோயில் உண்டா என்று கேட்டார் பெரியப்பா. கடலைப் பார்த்த மாதிரி கறுப்புக் கல்லில் பெரிய கோயிலாம், மாதா பெயரில்தானாம், ஊரே பூசைக்கு வருமாம், ஆம்பிளைகள் கைலி கட்டிக்கொண்டு வருவார்களாம்! பூசை வைக்கிற சாமியார் விடுவாரா என்று அவர் திகைத்தார். தண்ணீர் வந்தால் என்ன செய்வது? தீவைச் சுற்றித் தூரத்தில் பவளப்பாறை வளையம் இருக்கிறதாம், அலையெல்லாம் அங்கேயே உடைந்துவிடுமாம், நடுவில் மேடு இருக்கிறதாம், வண்டியில் ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாமாம். அப்பா தன் பங்குக்கு, அங்கே உப்பு எப்படி என்று கேட்டார். உப்பு கப்பலில் பாக்கெட்டாக வருகிறதாம். சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு பாக்கெட் உப்பு வாங்குகிற சனங்களை நினைத்து அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நிலத்தை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது, எல்லாம் பரம்பரைக்குப் பொது என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

பெரியப்பா யோசித்துக்கொண்டே நின்றார். இன்னும் சரி என்ற சொல் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நானாக ஒரு கேள்வி கேட்டேன்.

"மாமா, மாதா ஊத்துல அந்த ஊத்து எங்க இருக்குது?"

மறுமுனையில் சிரிப்பு. "மாதா இல்லம்மா, மாத்தா. இவுங்க பாஷையில மாத்தான்னா கண்ணு. உங்க அத்தைக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவுங்கள கேளேன்."

எவ்வளவு பெரிய செய்தி! கண் என்று ஒரு ஊர்! உடனே இறக்கிவிட வேண்டும் என்று கீழே திரும்பி, "பெரியப்பா, அது மாதா இல்லியாம்..." என்று ஆரம்பித்தேன். காற்று பாதியைக் கொண்டுபோயிற்று. பெரியப்பா காதில் கைவைத்து, "இன்னா சொல்றாரு?" என்றார்.

அப்போதுதான் அத்தை பேசினாள். அம்பாரத்துக் கீற்றை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஏய், அங்க ராஜா எத்தினி பேருன்னு கேளு!"

ராஜாவா! கண்ணாவது மூக்காவது, எல்லாம் பறந்துவிட்டது. போனில் கேட்டேன். கேட்டுவிட்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

"மூணு ராஜா பெரியப்பா! மூணு பேரு! இப்பவும் இருக்காங்களாம்!"

பெரியப்பா மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக் குடிலில், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களைத் தன் கையால் கடைசியாக வைக்கிறவர் அவர். மாதா. கூடவே மூன்று ராஜா. இதற்கு மேல் அந்த மனிதருக்கு என்ன அடையாளம் வேண்டும்?

"சரின்னு சொல்லும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது.

"சரியாம் மாமா!" என்று நான் குதித்த குதியில் காலடி உப்பு சரிந்தது. போனை உயர்த்திப் பிடித்தபடி, கீற்றும் உப்புமாக அத்தையின் மேல் போய் விழுந்தேன். அவள் என்னை விடவே இல்லை. முழங்கால் சிராய்ப்பில் உப்பு பட்டு உயிர் போயிற்று, அவள் கட்டிக்கொண்ட கட்டில் அழக்கூட முடியவில்லை.

பிறகு கொஞ்ச நாளைக்கு எங்கள் தெருவில் எனக்கு வாத்தியார் உத்தியோகம். மாமா அடுத்தடுத்த போன்களில் சொன்னதையெல்லாம் கூட்டிவைத்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பாடம் நடத்தினேன். பெரிய தீவுக்கு ஒரு ராஜா. கடலில் வெகுதூரம் தள்ளியிருக்கும் இன்னொரு தீவை இரண்டு ராஜாக்கள் பாதிப் பாதியாக வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கு மேலே பாரிஸிலிருந்து வந்த கலெக்டர் மாதிரி ஒருவர். நடுவில் ஓட்டு வாங்கி ஜெயித்த மெம்பர்கள். அப்படியென்றால் ராஜா பெரியவரா, கலெக்டர் பெரியவரா என்று என் சிநேகிதி மடக்கிவிட்டாள். அப்பாவிடம் ஓடினேன்.

"நம்ம உப்பளத்து நெலம் யாருது? கவர்மெண்டுது. உப்பு யாருது? நம்முளுது. அது மாதிரிதான்" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. வந்த சனங்களிடமெல்லாம் பெரியப்பா, மாதாவே பார்த்து முடித்த சம்பந்தம், பொண்ணும் மாப்பிள்ளையும் நிச்சயத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். விமான நிலையத்துக்கு வேன் கிளம்பும்போது அத்தை என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, கன்னத்தைக் கிள்ளி, "வாயாடி, உன் வாய்க்கு ஒரு பவுன் போடணும்டி" என்றாள். ராஜாக்களைக் கண்டுபிடித்ததற்குத்தான் என்று நினைத்து, நானும் ராணி மாதிரி தலையை ஆட்டினேன்.

அந்தப் பயோடேட்டாவை வளர்ந்த பிறகு பார்த்தேன். Mata-Utu. இரண்டு சொல்லிலும் ஒரே 't' தான். முதல் சொல்லில் அதை மெதுவாகவும் இரண்டாவதில் அழுத்தியும் படித்திருக்கிறாள், எங்கள் வாயில்லாப் பூச்சி. அப்போது நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. அம்பாரத்தின் உச்சியில் நின்றவளுக்கு ராஜா கிடைத்ததே போதுமாயிருந்தது. அத்தை, ராஜா இருக்கிறாரா என்று கேட்கச் சொல்லவில்லை. எத்தனை பேர் என்றுதான் கேட்கச் சொன்னாள்.