மெனிக்கேயின் காய்ச்சல்

அதிவேக நெடுஞ்சாலையில் ஏறியதும் பியதிலக கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிடுவார். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், உள்ளே காலடியிலிருந்து அனல். என்ஜின் சூட்டில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொண்டால் மெனிக்கே பிழைத்துக்கொள்வாள் என்பது அவர் கணக்கு. மெனிக்கே என்பது அவருடைய கார். கல்யாணத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டவள் என்பதால், மனைவி சோமலதாவுக்கு அவள் மூத்த தாரம் மாதிரி.

மாத்தறையில் அவருக்கு எருமைத்தயிர் வியாபாரம். பின்சீட்டில் சட்டிகளை அடுக்கி, கொழும்புக்குப் போகிற பழைய கடலோரச் சாலையான காலி வீதியில் தயிர் கலங்காமல் ஓட்டிப் பழகிய கால் அது. ஆக்ஸிலேட்டரைத் தடவிக்கொடுக்குமே தவிர மிதிக்காது. அந்த வீதியில் மெனிக்கே ஒருநாளும் சூடானதில்லை. நெடுஞ்சாலையிலோ, பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்து விரட்டுகிற விரட்டில் வேகம் பிடிப்பார். வெலிப்பன்னை வருவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடும், முன்மூடியின் இடுக்கில் ஆவி கிளம்பும்.

ரேடியேட்டர் மூடி, காற்றாடி, தெர்மோஸ்டாட் என்று கராஜ் பாஸ்மார் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் சரிவரவில்லை. பியதிலகவுக்கு அதில் ரகசியத் திருப்தி. ஏனென்றால் காரணம் அவருக்கு முன்பே தெரியும். காலி வீதியில் போனால் களுத்துறைப் போதிமரத்தடியில் நிறுத்தி, உண்டியலில் சில்லறை போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார். நெடுஞ்சாலை அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

"போதியக் கும்பிடாமக் குறுக்கால போறம். பிறகு கொதிக்காம என்ன செய்யும்?"

இப்படியே காலம் ஓடியிருக்கும், மகள் திலினிக்குக் கொழும்பில் கல்யாணம் நிச்சயமாகாமல் இருந்தால். மணமகள் மெனிக்கேயில்தான் போவாள் என்று அவள் பிறந்த நாளிலிருந்து ஊரெல்லாம் சொல்லிவைத்தவர் அவர். திலினி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"அப்பா, நான் வேர்த்து ஊத்திக்கொண்டா மணமேடையில ஏறுறது? மாமாட கார்ல போறன்."

மனிதர் உடைந்துபோனார். சோற்றைத் தொடவில்லை. மறுநாள் காலையிலேயே முற்றத்தில் முன்மூடியைத் திறந்துவைத்து, வழக்கம்போலச் சோமலதாவை உள்ளே உட்காரவைத்து மிதிக்கச் சொன்னார். வழக்கம்போலவே, "மெல்ல, மெல்ல, அவளுக்கு நோகும்" என்றார்.

சோமலதாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "மகளுக்கு நோகிறது தெரியல்ல, காருக்கு நோகிறது மட்டும் தெரியுதா?" என்று கேட்டு, ஓங்கி மிதித்தாள்.

மெனிக்கே அலறிய அலறலில் பலாமரத்துக் காகங்கள் பறந்தன. கத்துவதற்கு வாயைத் திறந்த பியதிலக திறந்த வாயோடு நின்றார். ரேடியேட்டரின் அடியிலிருந்து என்ஜினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தடித்த ரப்பர் குழாய், பொக்கை வாய் போல உள்ளே இழுத்துக்கொண்டு சப்பையாகிக் கிடந்தது. அவள் காலை எடுத்ததும் பழையபடி உப்பிக்கொண்டது.

"இன்னொருக்கா மிதி" என்றார், சன்னமாக.

அவள் சந்தோஷமாக மிதித்தாள்.

வேகம் கூடினால் குழாய் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் போகாமல் என்ஜின் கொதிக்கிறது. ஒட்டாமல் இருக்கத்தான் அதற்குள் ஒரு கம்பிச்சுருள் வைப்பார்கள். முன்பொருமுறை குழாயைத் தானே மாற்றியபோது, துருப்பிடித்த அந்தச் சுருளை வேண்டாத சாமான் என்று ஒதுக்கியவரும் அவர்தான். இப்போது அதைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் பயற்றங்கொடி ஏறிக்கொண்டிருக்கிறது.

சுருள் வைத்த குழாய் வாங்கக் கொழும்பில் கார்ச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் பஸ்ஸில் போனார். காலி வீதி பஸ்தான். களுத்துறையில் கண்டக்டர் காணிக்கை போட இறங்கியபோது, மெனிக்கேயின் பேரிலும் காசு கொடுத்தனுப்பினாராம்.

கல்யாணத்தன்று திலினி, அப்பா முற்றத்தில் என்ஜினை உறுமவிட்டுக் காட்டிய பிறகே, பட்டும் நகையுமாகப் பின்சீட்டில் ஏறினாள். ஹீட்டர் வாய் மூடியிருந்தது. நெடுஞ்சாலையில் முள் பாதியில் நின்று அசைய மறுத்தது. பியதிலகவின் கண் முள்ளை விட்டு அசைய மறுத்தது. தேங்காய் லொறிகள்கூட முந்திக்கொண்டு போயின.

"அப்பா, சுபநேரம் போகுது."

"போறன் மகள், போறன்."

வேகம் கூடவில்லை. சோமலதா தன் சீட்டிலிருந்து எட்டி, புது வளையல் அடுக்கிய கையை அவருடைய வலது முழங்காலின் மேல் வைத்து, ஓங்கி அழுத்தினாள்.