பாஸ்ட் பேப்பருக்கு எதிரா ஒரு நாவல்

தேயிலத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் படிச்சுக் குடுக்கிறது, மழையில வெறகு பத்த வைக்கிற வேல. நீங்களும் ஊதி ஊதிக் கண்ணு செவந்தவங்கன்னா பக்கத்துல வாங்க. வட்டகொடை பஸ் வர்றதுக்குள்ள போன்ல தட்டி முடிக்கணும்!

கிழிச்சேன்

தரம் எட்டுக்கு கிராமரும் சொல்லும் மட்டும் போதாது, ஒரு முழு நாவல் படிச்சே ஆகணும்னு எனக்கு வெறி. பழைய இங்கிலீஷ் கதை. பெரிய வீட்ல வேலைக்கு நிக்கிற பொண்ணு ஒருத்தி தப்பிக்கப் பாக்குறா. கையில ஒரே காப்பிதான். காலையில பெரட்டுக் களத்துல ஆள் எண்ணி, எந்த மலையில யாருக்கு வேலன்னு கங்காணி பிரிச்சி விடுற மாதிரி, அத்தியாயம் அத்தியாயமா கிழிச்சி, மொத சுத்துல ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசைக்கும் ஒண்ணா புள்ளைங்க கையில குடுத்தேன். புதுச் சொல்லு, இறந்தகால வினை எல்லாத்துக்கும் கோடு போட்டு, வெள்ளிக்கெழம கடைசிப் பாடத்துல கதைய சொல்லணும்.

முன் பெஞ்சு யோகேஸ்வரி மொறைச்சா. "நாங்க கிழிச்சா அடி, நீங்க கிழிச்சா பாடமா மிஸ்?"

அதிபர் கூப்பிட்டார்

எங்க அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுசன், ஆனா பாஸ்ட் பேப்பர் பக்தர், பழைய சோதனைத் தாள செய்ய வச்சா போதும்பார். வெள்ளிக்கெழம வர்றதுக்கு முந்தியே நாவல நிப்பாட்டச் சொன்னார். "நாவல்லயும் கிராமர் இருக்கு சார், உசுரோட இருக்கு"ன்னேன். நான் அசையலன்னதும் ஒரு வழி விட்டார்.

"பெற்றார் கூட்டத்திலை ஒராளாவது உது வேணுமெண்டு சொல்லட்டும் பிள்ளை, பிறகு பாப்பம்."

ஸ்டாஃப் ரூம்

விஷயம் தெரிஞ்சதும் கணக்கு சார் விழுந்து விழுந்து சிரிச்சார். "கொழுந்து எடுத்துட்டு வந்து நாவல் கேக்கப் போறாங்களாக்கும்!"

கூட்டம்

அம்மாமார் வேல முடிஞ்சி, ஈரத் தலையோட நேரா வந்தாங்க. நாவல் வேணுமான்னு அதிபர் கேட்டார். முந்தானையால தலைய தொவட்டிக்கிட்டே ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. "அப்ப நாவல் வேண்டாம்"னு அவர் எழும்ப, யோகேஸ்வரியோட அம்மா சரோஜா எந்திரிச்சாங்க.

அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்: புள்ளைங்க வீட்ல சொன்ன கதைய இந்த அம்மாமார் கொழுந்து மலைக்குக் கொண்டு போயிருக்காங்க! ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு துண்டுதான தெரியும்? கொழுந்து எடுக்கிறப்ப தேயிலச் செடி நெர விட்டு நெர கேட்டு ஒட்ட வச்சிருக்காங்க. அந்தப் பொண்ண அறையில பூட்டுன எடத்துல கதை நிக்கிது, மிச்ச அத்தியாயம் இன்னும் என் பையிலதான்.

"சார், எம் மூத்தவளும் கொழும்புல ஒரு வூட்டுல இப்புடித்தான் பூட்டிக் கெடந்தா. இந்தப் புள்ள வெளிய வந்துச்சான்னு தெரியாம நாங்க இந்த எடத்த விட்டு போக மாட்டோம்."

இப்ப டைம்டேபிள்ல 'நாவல்'னு அதிபரே கைப்பட எழுதிட்டார், அது சோதனையில வருமான்னு மட்டும் என்னைய கேட்டுடாதீங்க.